மணிமங்கலமும் ஒரு பத்திரிகைக்காரரும்: கல்கியைத் திரும்ப வாசித்த குறிப்புகள்

2022-ல் எங்க ஊர் வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை குழி வெட்டிக்கொண்டிருந்தது. ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊர்ப்பெயரே தெரியாது. திடீரென்று பேப்பரில் வந்துவிட்டோம். பழங்காலக் கல் கருவிகள், சங்க காலத்து மணிகள், பானை ஓடுகள் என்று ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 30-ல் பொன்னியின் செல்வன் படமும் வந்தது. டீக்கடையில் இரண்டு பேச்சும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

நைட் ஷிஃப்ட் முடிந்து ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, நீ புக்கு படிக்கிற ஆளு. இவ்ளோ தோண்டுறாங்களே, கல்கி எழுதினதெல்லாம் கெடைக்குமா?"

"எதுங்க பெரியப்பா?"

"அதான்யா, பல்லவர் கதை. மணிமங்கலத்துல சண்டை நடந்துச்சுன்னு எழுதியிருக்காருல்ல?"

சிரித்துவிட்டேன். அப்புறம் வண்டியில் வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். மணிமங்கலம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அங்கே ஒரு பெரிய போர் நடந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து இல்லை. செப்பேட்டை வாசித்தும் இல்லை. கல்கி எழுதித்தான் தெரியும். அந்தப் பெரியவருக்கும் எனக்கும் ஒரே வாத்தியார். அந்த வாத்தியாரோ வரலாற்று ஆசிரியர் அல்ல, வாராவாரம் பக்கம் நிரப்பிய ஒரு பத்திரிகைக்காரர்.

அதனால் இந்த முறை கல்கியை நாவலாசிரியர் என்று வைத்துக்கொள்ளாமல் பத்திரிகைக்காரர் என்று வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் போகவர ஒரு மணி நேரம். சில மாதங்கள் ஆயிற்று. அதில் எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாழ்க்கை. 1899 செப்டம்பர் 9-ல் மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. அப்பா ஊர்க்கணக்கர். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக இறுதித் தேர்வு எழுதாமலே பள்ளியை விட்டார். 1922-ல் ஒரு வருஷம் சிறை. 1923-ல் திரு.வி.க.வின் நவசக்தியில் உதவி ஆசிரியர். அங்கேதான் தொழில் கற்றார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு சேர்ந்து விமோசனம் என்ற மதுவிலக்குப் பத்திரிகை. கள்ளை எதிர்த்து கதையும் கட்டுரையும் எழுதுவதுதான் வேலை. முப்பதுகளில் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடனுக்கு ஆசிரியர். தலையங்கம், பயணக் கட்டுரை, நையாண்டி, கதை எல்லாம் எழுதினார். 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதிய கச்சேரி, நடன விமரிசனங்களுக்கு சபாக்காரர்கள் பயந்தார்கள் என்று சொல்வார்கள்.

தனிநபர் சத்தியாக்கிரகத்துக்காக மூன்று மாதம் சிறை போய் வந்தபின் விகடனுக்குத் திரும்பவில்லை. 1941-ல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்துச் சம்பாதித்த பணம் அதற்கு முதலாயிற்று. அந்தப் பத்திரிகையின் ஆசிரியராகவே 1954 டிசம்பர் 5-ல் இறந்தார். வயது 55.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்திரிகையிலிருந்து நாவலுக்குப் போன எழுத்தாளர்கள் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் அது கிட்டத்தட்ட ஒரு பாதையாகவே ஆகிவிட்டது. மார்க் ட்வைன் நெவாடாவில் சுரங்க ஊர்ப் பேப்பரில் எழுதிப் பழகினார். ஹெமிங்வே பதினெட்டு வயதில் கான்சாஸ் சிட்டி ஸ்டாரில் நிருபர். ஆனால் அவர்கள் கதையில் பத்திரிகை ஒரு படிக்கட்டு. ஏறி முடித்ததும் விட்டுவிடுவார்கள். கல்கி விடவில்லை. அவர் பத்திரிகையை விட்டு நாவலுக்குப் போகவில்லை, நாவலைப் பத்திரிகைக்குள் கொண்டுவந்தார். கள்வனின் காதலி முதல் பொன்னியின் செல்வன் வரை அவருடைய பெரிய நாவல்கள் தொடராக வந்தவை. அடுத்த இதழுக்கு வாசகர் காத்திருந்தால்தான் பத்திரிகை நடக்கும், பத்திரிகை நடந்தால்தான் தொடர் வரும். இதை மறந்துவிட்டு அவரை எடை போட்டால் பாராட்டும் தப்பாகும், திட்டும் தப்பாகும்.

இப்போது மணிமங்கலத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பக்கத்தில் பெரிய ஏரி. போர் நடந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை, இருக்கவும் முடியாது. ஏழாம் நூற்றாண்டு விஷயம். அதற்கு நமக்கிருக்கும் முக்கியமான ஆதாரம் கூரம் செப்பேடு. கூரமும் இதே காஞ்சிபுரம் மாவட்டம்தான். நரசிம்மவர்மனின் பேரன் பரமேசுவரவர்மன் காலத்தில் வெட்டியது. பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியைத் தோற்கடித்தான் என்கிறது. ஓடுகிற புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் வெற்றி என்ற எழுத்தைப் பொறித்தான் என்று பெருமையாகச் சொல்கிறது.

தாத்தா ஜெயித்ததைப் பேரன் எழுதி வைத்தது. இன்றைய பாஷையில் சொன்னால் அரசாங்கப் பத்திரிகைக் குறிப்பு. எத்தனை பேர் செத்தார்கள், ஊர் என்ன ஆச்சு, அறுவடை ஆச்சா இல்லையா, எதுவும் அதில் கிடையாது.

கல்கியின் சிவகாமியின் சபதத்தில் மணிமங்கலம் வேறு மாதிரி வருகிறது. அங்கே அது முதலில் மகேந்திர பல்லவர் காயம்படும் களம். முற்றுகை முடிந்து, சமாதானமும் பேசி முடிந்தபின், நம்பிக்கை துரோகத்தால் மறுபடி மூளும் சண்டை. மகேந்திரர் கொஞ்சப் படையோடு போய் மோதி அடிபடுகிறார். அந்தக் காயத்திலிருந்து அவர் முழுசாக எழுந்திருக்கவே இல்லை. செப்பேட்டில் வெற்றியாக இருக்கும் இடம் நாவலில் ஒரு அப்பாவின் காயமாக மாறியிருக்கிறது.

வரலாற்றுப்படி இது தப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசாங்கம் ஜெயித்தோம் என்று குறிப்பு அனுப்பினால் நல்ல பத்திரிகைக்காரன் அடுத்த கேள்வி என்ன கேட்பான்? "இதுக்கு என்ன விலை கொடுத்தீங்க?" என்றுதானே. கல்கி ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து அதைக் கேட்கிறார். நாவல் முழுக்க அந்தக் கேள்விதான் ஓடுகிறது. கடைசியில் வாதாபி எரியும்போது சபதம் நிறைவேறிவிட்டது, ஆனால் யாருக்கும் சந்தோஷம் இல்லை. மாமல்லர் ஏற்கெனவே பாண்டிய இளவரசியை மணந்தவர். சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து ஆடப் போகிறாள். படையை நடத்திப்போன பரஞ்சோதி வாளை வைத்துவிட்டுச் சிறுத்தொண்டராகிறார்.

இந்தத் தொடர் வந்த வருஷங்கள் 1944 முதல் 1946 வரை. வாசகர்கள் யார் என்று யோசியுங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னையே காலியானது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறியவர்கள் இரண்டு வருஷம் கழித்து காஞ்சிக் கோட்டைக் கதவு சாத்தப்படுவதை வாசிக்கிறார்கள். எதிரி வருகிறான் என்ற வதந்தி, ஒற்றர் பயம், எப்போது திறப்பார்கள் என்று தெரியாத கதவு. இது அவர்களுக்குப் பழைய கதையா? தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. காந்தியவாதியான ஒருவர் பழிவாங்கும் கதையை எடுத்து, பழி நிறைவேறிய ஊர் எப்படி எரியும் என்று காட்டினார். இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நாவல்கள் தொடங்கும் விதத்திலும் பத்திரிகைக்காரர் தெரிகிறார். சிவகாமியின் சபதம் எப்படி ஆரம்பிக்கிறது? வெளியூர்ப் பையன் ஒருவன் புத்த பிக்ஷுவோடு காஞ்சிக்கு நடந்து வருகிறான். ஊர் அவனுக்குப் புதுசு, நமக்கும் புதுசு. அவன் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் நம்ம காஞ்சியிலிருந்து ஓலை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போகிறான். போகிற இடமெல்லாம் கேள்வி கேட்கிறான். கடம்பூர் மாளிகையில் நடுராத்திரி ரகசியக் கூட்டத்தை ஒளிந்திருந்து கேட்கிறான். பொய் சொல்லி உள்ளே நுழைகிறான். மாட்டிக்கொள்கிறான், தப்பிக்கிறான். யாருக்கும் முழு விசுவாசி மாதிரியும் இல்லை. எனக்கு அவன் வீரனாகத் தெரிவதைவிட ஒரு நல்ல நிருபராகத்தான் தெரிகிறான். வாள் இருக்கிறது, ஆனால் அவன் பிழைப்பது வாயாலும் காதாலும்தான்.

இன்னொரு விஷயத்திலும் அந்தத் தொழில் நேர்மை தெரிகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடிக் கல்வெட்டு தண்டிக்கப்பட்டவர்களின் பெயரைச் சொல்கிறது, பின்னால் யார் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். கல்கி நினைத்திருந்தால் ஒரு பெயரைச் சொல்லி வாசகனைத் திருப்திப்படுத்தியிருக்கலாம். மூன்றரை வருஷம் வாரவாரம் காத்திருந்தவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். அவர் முடிச்சை முழுசாக அவிழ்க்கவில்லை. நிரூபிக்க முடியாததை அச்சடிக்கக் கூடாது என்பது பத்திரிகை ஆபீஸில் முதலில் சொல்லித்தரும் பாடம். கற்பனையிலும் அவர் அதைக் காப்பாற்றினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, பாராட்டு போதும். மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் இது விமரிசனம் ஆகாது.

அவருடைய குறைகளும் அதே பத்திரிகையிலிருந்து வந்தவைதான். ஒரு வாரம் விட்டுப்போன வாசகனுக்காகப் போன கதையை மறுபடி சொல்வது, ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் யாரோ கதவுக்குப் பின்னால் நிற்பது, சுரங்கப்பாதை, ஆள்மாறாட்டம். பஸ்ஸில் தொடர்ச்சியாக வாசிக்கும்போது ஒரே மருந்து மூன்று வேளையும் வருகிற மாதிரி இருக்கிறது. சிவகாமியின் நாட்டியத்தைப் பற்றி அவர் எழுதும் இடங்கள் அழகு. ஆனால் அந்த ஆட்டம் ஏழாம் நூற்றாண்டு ஆட்டமா, 1930-களில் பரதநாட்டியத்தைப் பற்றி நடந்த பெரிய விவாதத்தில் 'கர்நாடகம்' உட்கார்ந்து பார்த்த சபா ஆட்டமா? எனக்கு இரண்டாவதாகத்தான் தெரிகிறது.

இதே காலத்தில் இன்னொரு பத்திரிகைக்காரர் இருந்தார், புதுமைப்பித்தன். தினமணியில் வேலை பார்த்தவர். வாசகனை அணைத்துக்கொண்டு கூட்டிப்போவது கல்கியின் வழி என்றால், வாசகனை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போவது இவர் வழி. கல்கியின் தழுவல்களைப் பற்றி அந்த வட்டத்திலிருந்து கடுமையான தாக்குதல் வந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு பேரையும் கடைசியில் க்ஷயரோகம்தான் கொண்டுபோயிற்று. புதுமைப்பித்தன் 1948-ல் 42 வயதில் போனார்.

ஆனால் என்னுடைய பெரிய குறை வேறு. வரிசையைப் பாருங்கள். 1937-ல் கள்வனின் காதலி. கொள்ளிடக்கரைக் கிராமத்து முத்தையன், மடத்தில் கணக்கு எழுதுகிறவன். தங்கையிடம் தவறாக நடக்கப் பார்த்த மேலாளைத் தட்டிக் கேட்டான் என்பதற்காகத் திருட்டுப் பழி சுமத்தப்பட்டு, பிறகு நிஜமாகவே திருடனாகிறான். 1938-ல் தொடங்கிய தியாகபூமி. புருஷனால் கைவிடப்பட்ட சாவித்திரி, தீண்டாமையை எதிர்த்து ஊரால் தள்ளிவைக்கப்பட்ட சம்பு சாஸ்திரி. இரண்டும் அவர் பத்திரிகைக்காரராகக் கண்ணால் பார்த்த மனிதர்களின் கதை. 1941-ல் சொந்தப் பத்திரிகையில் பார்த்திபன் கனவு தொடங்கியதும் ராஜா வந்துவிடுகிறார்.

ஏன்? யுத்த காலம், தணிக்கை. நடப்பை நேராக எழுத முடியாது. சின்ன நாட்டின் சுதந்திரக் கனவைப் பழைய வேஷத்தில் சொன்னார் என்று நியாயம் சொல்லலாம். எனக்கும் அது ஏற்புதான். ஆனால் வெள்ளைக்காரன் போனபின்? 1948-49-ல் அலை ஓசை எழுதினார். ராஜம்பேட்டைத் தபால்சாவடியில் தொடங்கி, பிரிவினை ரத்தம் வரை போய், காந்தி மரணத்தில் முடிகிற நாவல். தன் எழுத்தில் நிலைக்க வேண்டியது அதுதான் என்ற எண்ணம் அவருக்கே இருந்தது. 1956-ல் சாகித்திய அகாதெமியும் அதற்குத்தான் பரிசு கொடுத்தது. ஆனால் அதில் வந்தியத்தேவன் மாதிரி ஊர் சுற்றிப் பார்க்கிற ஆள் இல்லை. ஒரே குடும்ப வட்டத்து ஆட்களைத் தற்செயல்கள் ஒவ்வொரு சம்பவத்துக்கும் இழுத்துக்கொண்டு போகின்றன. கண்முன் நடந்ததை எழுதும்போது நிருபர் தடுமாறுகிறார், ஆயிரம், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தையதை எழுதும்போது கூடவே இருந்து பார்த்த மாதிரி எழுதுகிறார். 1950 அக்டோபரில் அவர் சோழர்களிடம் திரும்பிப் போனார். நாமும் கூடவே போய்விட்டோம். இன்னும் திரும்பி வரவில்லை.

மணிமங்கலத்துக்கு மறுபடி வாருங்கள். போருக்கு என்ன விலை என்று கல்கி கேட்டார் என்றேன். யாருடைய விலை? மகேந்திரர், மாமல்லர், சிவகாமி, ஆயனர். அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைத்தவன் என்ன ஆனான் என்று முத்தையனை எழுதிய கை கேட்டிருக்க முடியும். கேட்கவில்லை. செப்பேடு விட்ட இடத்தில் பாதியை அவர் நிரப்பினார். மீதிப் பாதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எங்க பக்கத்தில் ஏரியை ஒட்டி ஷெட் போட்டு, ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி, கான்ட்ராக்ட் சம்பளத்துக்கு ஷிஃப்ட் போகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு இது உறுத்துகிறது. நாளைக்கு இந்த வட்டாரத்துக்கும் ஒரு செப்பேடு எழுதுவார்கள். எத்தனை கோடி முதலீடு, எத்தனை லட்சம் வண்டி என்று இருக்கும்.

1999-ல் அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எல்லாப் புத்தகக் கண்காட்சியிலும் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் மலை மாதிரி குவிந்திருக்கும். கள்வனின் காதலியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கல்கியைப் புதிதாக வாசிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, அதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் சிவகாமி. பிறகு வந்தியத்தேவனோடு கிளம்பினால் அவன் எங்கிருந்து வந்தவன் என்று புரியும்.

அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. போன மாதம் அதே டீக்கடையில் பார்த்தேன்.

"பெரியப்பா, அன்னைக்குக் கேட்டீங்களே. இங்க கெடைச்சதுல ராஜா கதையவிட ரொம்பப் பழசு இருக்கு. கல்லைத் தட்டி ஆயுதம் செஞ்ச ஆளுங்க. பல்லவருக்கெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி."

"அப்படியா? இங்கயே பட்டறை போட்டு வேலை பாத்திருக்கானுங்க" என்றார். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "அவங்களப் பத்தி கல்கி எழுதலியா?"

"இல்லீங்க."

"வேற யாராச்சும்?"

ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.